பரம்பரையா, பழக்கமா? முதுமை பற்றி என்னிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கடலூர் மாவட்டத்தில் 32 வருடம் கிராம சுகாதார செவிலியராக வேலை பார்த்து 2019இல் ஓய்வு பெற்றேன். இப்போது மஞ்சக்குப்பத்தில் இருக்கிறேன். சாயங்காலம் ஆனால் தெருக்காரர்கள் பிரஷர் பார்க்க வந்துவிடுவார்கள், பார்த்து முடித்ததும் பேச்சு எப்படியும் வயதாவதில் போய் நிற்கும். புதுச்சேரி லாஸ்பேட்டையில் மகள் வீட்டுக்குப் போனாலும் இதே கேள்விகள்தான். கேட்பவர்கள் எல்லாரும் பயன்படுத்தும் ஒரு சொல் "பரம்பரை". அந்த ஒரே சொல்லுக்குள் ரத்தத்தில் வருவதையும் வீட்டில் வருவதையும் சேர்த்துப் போட்டு மூடிவைத்துவிட்டோம் என்பது என் எண்ணம். முடிந்த மட்டும் அதைப் பிரித்துச் சொல்லப் பார்க்கிறேன்.

எங்க அப்பா 58இல் போனார், பெரியப்பா 61, தாத்தாவும் அறுபதுக்குள்ள. எனக்கும் அவ்வளவுதானா நர்சம்மா?

இல்லை. டென்மார்க்கில் 1870 முதல் 1900 வரை பிறந்த இரட்டையர்கள் 2,872 ஜோடிகளின் ஆயுளை எடுத்துக் கணக்குப் போட்டு 1996இல் வெளியிட்டார்கள். ஆயுள் வித்தியாசத்தில் மரபணுவின் பங்கு சுமார் நான்கில் ஒரு பங்குதான் என்று வந்தது. 2018இல் கோடிக்கணக்கானவர்களின் வம்சாவளிப் பதிவுகளை வைத்துச் செய்த இன்னொரு ஆய்வு, அதுவும் அதிகம், பத்து சதவீதத்துக்கும் கீழே இருக்கலாம் என்றது. ரத்த சம்பந்தமே இல்லாத மாமியார் வீட்டு உறவுகளுக்குள்ளும் ஆயுள் ஒத்துப்போவதை அவர்கள் கவனித்தார்கள், ஏனென்றால் மனிதர்கள் தங்களைப் போலவே வாழ்கிறவர்களைத்தான் தேடிக் கட்டுகிறார்கள். விபத்து, தொற்றுநோய் சாவுகளைக் கழித்துப் பார்த்தால் மரபின் பங்கு கூடுதலாக வரும் என்று வாதிடுகிறவர்களும் உண்டு. தொண்ணூறு, நூறைத் தாண்டி வாழ்வதில் மரபணுவுக்குப் பெரிய பங்கு இருப்பதும் உண்மை. ஆனால் அறுபதா எண்பதா என்ற கேள்விக்கு விடை பெரும்பாலும் வேறு இடத்தில் இருக்கிறது.

அதனால் அப்பா எத்தனை வயதில் போனார் என்பதோடு நிறுத்தாமல், எதில் போனார், அதற்கு முன் முப்பது வருடம் எப்படி இருந்தார் என்று வீட்டில் கேளுங்கள். ஒரு நாளைக்கு இரண்டு கட்டு பீடி குடித்தவர், பிரஷரை ஒரு தடவைகூடப் பார்க்காதவர் என்றால் அவர் வயதுக்கும் உங்கள் வயதுக்கும் முடிச்சுப் போடத் தேவையில்லை. ஒரு விஷயத்தில் மட்டும் கவனமாக இருங்கள். அப்பாவுக்கோ கூடப்பிறந்த அண்ணன் தம்பிக்கோ 55 வயதுக்குள், அம்மாவுக்கோ அக்கா தங்கைக்கோ 65 வயதுக்குள் மாரடைப்பு வந்திருந்தால் அது உண்மையாகவே குடும்ப ஆபத்து. முப்பது வயதிலிருந்தே கொழுப்பு, பிரஷர், சர்க்கரை பாருங்கள், டாக்டரிடம் கேட்டு, ரத்தக் கொழுப்பில் ஒரு வகையான லிப்போபுரோட்டீன் ஏ பரிசோதனையையும் வாழ்நாளில் ஒரு தடவை எடுத்துவிடுங்கள். அந்த அளவு பெரும்பாலும் பிறவியிலேயே முடிவாகிவிடுவது.

எங்க வீட்டில் அஞ்சு பேருக்கு சுகர். இது பரம்பரை இல்லாம வேற என்ன?

இதில் ரத்தமும் உண்டு, மறுக்க மாட்டேன். ஆனால் ஒரு விஷயம் சொல்கிறேன். நான் வேலை பார்த்த ஊரில் ஒரே கூட்டுக் குடும்பத்தில் அம்மா, இரண்டு மகன்கள், மகள் என்று நாலு பேருக்குச் சர்க்கரை. ஐந்தாவதாக வந்தது யாருக்கு என்றால் மூத்த மருமகளுக்கு. அவள் பிறந்த வீட்டில் யாருக்கும் கிடையாது. இருபது வருடம் அதே சட்டியில் சாப்பிட்டு, அதே நேரத்துக்குத் தூங்கி, அதே மாதிரி மூன்று வேளையும் சர்க்கரை போட்டுக் காபி குடித்தவள். அவளுக்கு எந்தப் பரம்பரை?

2023இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் பெரிய கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் நூற்றுக்கு 14 பேருக்கு மேல் சர்க்கரை நோய், புதுச்சேரியில் 26 பேருக்கு மேல். நாட்டிலேயே கோவாவுக்கு அடுத்தபடி புதுச்சேரிதான். கடலூர் ஆல்பேட்டையிலிருந்து பஸ் ஏறினால் முக்கால் மணி நேரத்தில் புதுச்சேரி, எல்லைக்கு இந்தப்பக்கமும் அந்தப்பக்கமும் காலங்காலமாகப் பெண் கொடுத்துப் பெண் எடுத்தவர்கள் நாம், மரபணு எல்லைக் கல்லைப் பார்த்து மாறுவதில்லை. புதுச்சேரியில் பெரும்பாலும் நகர வாழ்க்கை, தமிழ்நாட்டுக் கணக்கில் வயலும் வரப்பும் சேர்ந்து வருகின்றன. அதுதான் எனக்குத் தெரிகிற முதல் வித்தியாசம்.

இன்னொன்று. சர்க்கரை நோயின் வாசலில் நின்றவர்களை வைத்து நம் நாட்டிலேயே, சென்னை டாக்டர்கள் முன்னின்று செய்த ஆய்வு 2006இல் வந்தது. ஒன்றும் மாற்றாமல் விட்டவர்களில் மூன்று வருடத்துக்குள் நூற்றுக்கு 55 பேர் நோயாளிகளானார்கள், சாப்பாட்டையும் நடையையும் மாற்றியவர்களில் 39 பேர். எல்லாரும் தப்பவில்லை, நான் அப்படிச் சொல்லி உங்களை ஏமாற்ற மாட்டேன். ஆனால் நூற்றுக்குப் பதினாறு பேர் என்பது ஒரு தெருவுக்கு எத்தனை வீடு என்று எண்ணிப் பாருங்கள். வீட்டில் ஒரு அளவு நாடா வாங்கி வையுங்கள், இடுப்புச் சுற்றளவு ஆண்களுக்கு 90 சென்டிமீட்டர், பெண்களுக்கு 80, அதைத் தாண்டினால் எடை சரியாக இருந்தாலும் பரிசோதனைக்குப் போங்கள்.

குழந்தை எடை குறைவாகப் பிறந்தால் பிற்காலத்தில் பாதிப்பு வருமா?

இந்தக் கேள்விக்கு நான் கொஞ்சம் நீளமாகத்தான் பதில் சொல்வேன், என் வேலையே அதுவாக இருந்ததால்.

தொண்ணூறுகளில் தொங்கு தராசில் துணியைக் கட்டி நான் எடை போட்ட குழந்தைகள் இப்போது முப்பத்தைந்து வயதுக்காரர்கள். அவர்களில் சிலர் இன்று என் வீட்டுக்கு வந்து கையை நீட்டும்போது பிரஷர் 150 காட்டுகிறது, மனசு கஷ்டமாகிவிடுகிறது. இரண்டரை கிலோவுக்குக் கீழே பிறந்த குழந்தை என்றால் அன்றைக்கு எங்களுக்கு ஒரே கவலை, பிழைக்க வேண்டும். அந்தக் குழந்தையின் ஐம்பதாவது வயதைப் பற்றி யாரும் எங்களுக்குச் சொல்லித்தரவில்லை.

டேவிட் பார்க்கர் என்ற இங்கிலாந்து டாக்டர்தான் பழைய பிரசவப் பதிவேடுகளைத் தேடி எடுத்து, சின்னதாகப் பிறந்தவர்களுக்குப் பிற்காலத்தில் இதய நோய் அதிகம் வந்திருப்பதைக் காட்டினார். ஹாலந்தில் 1944-45 குளிர்காலத்தில் பெரும் பஞ்சம். அப்போது தாய் வயிற்றில் இருந்தவர்களுக்கு நடுவயதில் சர்க்கரைக் கோளாறும் இதயக் கோளாறும் கூடுதலாக இருந்தன. அறுபது வருடம் கழித்துக்கூட அவர்களுடைய சில மரபணுக்களின் மேலிருக்கும் வேதிக் குறிகள் மாறியிருந்ததைக் கண்டுபிடித்தார்கள். அதாவது மரபணு அதேதான், அது எவ்வளவு வேலை செய்ய வேண்டும் என்பதைத் தாயின் பசி மாற்றி எழுதியிருக்கிறது. புனேயில் டாக்டர் சித்தரஞ்சன் யாஜ்னிக் குழுவினர் நம் நாட்டுக் குழந்தைகளைப் பார்த்தார்கள். இங்கிலாந்துக் குழந்தையைவிட நம் குழந்தை எடையில் குறைவு, ஆனால் குறைந்தது சதைதான், தோலுக்கடியில் கொழுப்பு அந்த அளவுக்குக் குறையவில்லை. பார்க்க ஒல்லி, உள்ளே கொழுப்பு. நாம் ஒல்லியாக இருந்துகொண்டே சர்க்கரை வாங்குவதற்கு இது ஒரு காரணம்.

சின்னதாகப் பிறந்து பின்னால் வேகமாகக் குண்டாகிறவர்களுக்குத்தான் ஆபத்து அதிகம். அதனால் எடை குறைந்த பேரனுக்கு ஆறு மாதத்துக்கு மேல் பருப்பு, முட்டை, கீரை என்று கொடுங்கள், பக்கத்து வீட்டுப் பிள்ளை மாதிரி கொழுகொழுவென்று வரவேண்டும் என்று சர்க்கரை போட்ட பாலையும் பிஸ்கட்டையும் திணிக்காதீர்கள். கர்ப்பமாக இருக்கும் மருமகள் இரண்டு வாய் கூடுதலாகச் சாப்பிடுவது உங்கள் பேரனின் முதுமைக்கான வைத்தியம் என்று நினைத்துக்கொள்ளுங்கள்.

அடியும் உதையுமா வளர்ந்தவன் நான். அதுவும் உடம்பைப் பாதிக்குமா?

பாதிக்கும். 1998இல் அமெரிக்காவில் சான் டியேகோ நகரத்தில் ஆயிரக்கணக்கான பெரியவர்களிடம் சிறு வயதில் அடி, அவமானம், குடிக்கிற பெற்றோர், அம்மா அடிவாங்குவதைப் பார்த்தது போன்றவை இருந்தனவா என்று கேட்டுக் கணக்கெடுத்தார்கள். இந்த மாதிரி நாலு அல்லது அதற்கு மேல் அனுபவித்தவர்களுக்கு இதய நோய், நுரையீரல் நோய், மனச்சோர்வு, குடிப்பழக்கம் எல்லாமே கூடுதலாக இருந்தன. பழக்கங்கள் வழியாக ஒரு பாதை, எப்போதும் பதற்றத்தில் இருந்து பழகிய உடம்பு வழியாக இன்னொரு பாதை.

என் அப்பா குடித்தவர். கடலூர் முதுநகரில் எங்கள் சந்தில் அவர் சைக்கிள் ஸ்டாண்டைத் தள்ளும் சத்தம் கேட்டால் நாங்கள் மூன்று பேரும் மூச்சைப் பிடித்துக்கொள்வோம். எனக்கு இப்போது வயது 64, இன்றும் அந்த மாதிரிச் சத்தம் கேட்டால் நெஞ்சு படபடவென்று அடிக்கிறது. என்னைக் காப்பாற்றியது என் ஆயா. அவர் மடியில் போய்ப் படுத்துவிடுவேன். பாதுகாப்பாக இருக்கும் பெரியவர் ஒருவர் கிடைத்தாலே பிள்ளைக்கு அந்தக் காயம் பாதி குறையும் என்று என் அனுபவத்தில் சொல்வேன், இந்தத் துறையில் படித்தவர்களும் அதையேதான் சொல்கிறார்கள். தினமும் புதுச்சேரி எல்லையிலிருக்கும் முள்ளோடை வரைக்கும் போய்க் குடித்துவிட்டு வருகிற அப்பாக்கள் இதைப் படித்தால், உங்கள் கல்லீரலோடு சேர்ந்து உங்கள் மகனின் இதயமும் கெடுகிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். அரசு ஆஸ்பத்திரிகளிலேயே குடியை விடுவதற்கு மருந்தும் ஆலோசனையும் இருக்கின்றன, புதுச்சேரி ஜிப்மர் ஆஸ்பத்திரி மனநலப் பிரிவிலும் பார்க்கிறார்கள்.

பெண்களுக்குத் தனியா ஏதாவது உண்டா?

உண்டு, அதுவும் வளர்ப்பில்தான். நம் வீடுகளில் பெண் கடைசியாகச் சாப்பிடுவாள். மீன் குழம்பில் நடுத்துண்டு ஆண்களுக்கு, வாலும் தலையும் குழம்பும் அவளுக்கு. பத்து வயதில் அம்மாவைப் பார்த்துப் பழகியதை அறுபது வயதிலும் செய்கிறாள். தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் பாதிக்கு மேல் ரத்தசோகை என்று தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பு சொல்கிறது. எலும்பு முப்பது வயதுக்குள் எவ்வளவு கெட்டிப்படுகிறதோ அதுதான் கையிருப்பு, மாதவிடாய் நின்றபின் அது வேகமாகக் கரையும். அப்புறம் குளியலறையில் ஒரு தடவை வழுக்கினால் இடுப்பெலும்பு. "எங்க அம்மாவும் இப்படித்தான் விழுந்தாங்க" என்று சொல்லும்போது அதை எலும்பின் பரம்பரை என்று நினைக்கிறோம். பாதி பந்தியின் பரம்பரை.

சொந்தத்தில் கல்யாணம் செய்தால் சீக்கிரம் வயதாகுமா?

அப்படி இல்லை. அக்கா மகள், அத்தை மகள், மாமன் மகள் என்று கட்டும்போது இரண்டு பக்கமும் ஒளிந்திருக்கும் ஒரே குறை பிள்ளையிடம் சேர்ந்து வெளிப்பட வாய்ப்பு கூடும். அது பெரும்பாலும் சிறு வயதிலேயே தெரிந்துவிடும் கோளாறுகள். செய்துகொண்டவர்கள் பயந்து உட்கார வேண்டாம், செய்யப்போகிறவர்கள் முதலில் மரபணு ஆலோசனை கேளுங்கள்.

மரபணு டெஸ்ட் எடுத்துப் பார்த்துவிடலாமா? வீட்டுக்கே வந்து எச்சில் எடுத்துப் போகிறார்களாமே.

என்னைக் கேட்டால் அந்தப் பணத்துக்கு நல்ல பிரஷர் மெஷின் வாங்குங்கள். ஒரு நோட்டில் தாத்தா பாட்டி காலத்திலிருந்து யாருக்கு என்ன நோய், எந்த வயதில் வந்தது என்று எழுதி வையுங்கள். டாக்டருக்கு அது அதிகம் உதவும். மார்பகப் புற்றுநோய் குடும்பத்தில் பலருக்கு இளம் வயதில் வந்திருப்பது போன்ற நிலைமைகளில் மட்டும் டாக்டரே எழுதித் தருவார், அப்போது எடுங்கள்.

அம்மாவுக்கு மறதி நோய். எனக்கும் வருமா?

அபோஈ 4 என்ற மரபணு வகை இருந்தால் அல்சைமர் வாய்ப்பு கூடுவது உண்மை. அது இருந்தும் கடைசிவரை தெளிவாக இருப்பவர்கள் இருக்கிறார்கள், இல்லாமலே வந்தவர்களும் இருக்கிறார்கள். லான்செட் மருத்துவ இதழ் அமைத்த குழு 2024இல் 14 காரணங்களைச் சொல்லி, அவற்றைச் சரிசெய்தால் உலகத்தில் மறதி நோயில் கிட்டத்தட்ட 45 சதவீதத்தைத் தடுக்கவோ தள்ளிப்போடவோ முடியும் என்றது. சிறு வயதில் படிப்பு இல்லாமை, பிரஷர், சர்க்கரை, கெட்ட கொழுப்பு, புகை, தனிமை, கண் பார்வைக் குறைவு எல்லாம் அதில் உண்டு. நாம் கவனிக்காத ஒன்று காது கேளாமை. என் மாமியாருக்குக் காது மந்தமாகி ஆறு வருடம் ஆனபிறகுதான் மெஷின் வாங்கினோம். அதற்குள் அவர் பேச்சில் கலந்துகொள்வதையே விட்டிருந்தார், நாங்களும் "அவங்களுக்கு ஒண்ணும் புரியாது" என்று ஒதுக்கியிருந்தோம். மெஷின் போட்ட பிறகு சீரியல் கதையை எனக்கே சொன்னார். ஆறு வருடம் வீணாக்கிய வருத்தம் எனக்கு இன்னும் தீரவில்லை.

சாப்பாட்டில் என்ன மாத்தணும்?

சட்டியை மாற்றுங்கள், ஒரு ஆளுக்கு மட்டும் தனிச் சமையல் வேண்டாம். "அப்பாவுக்கு சுகர், அவருக்குக் கோதுமை ரவை, எங்களுக்குச் சோறு" என்று போனால் அப்பாவும் ஒரு மாதத்தில் சோற்றுக்கே வந்துவிடுவார், பிள்ளைகளும் பத்து வருடத்தில் அப்பா இடத்துக்கு வந்துவிடுவார்கள். தட்டில் சோற்றைப் பாதியாக்கி, பொரியலையும் பருப்பையும் மீனையும் கூட்டுங்கள். கவலை மீனும் மத்தி மீனும் வஞ்சிரத்தைவிட மலிவு, இதயத்துக்கு நல்ல கொழுப்பு அவற்றில் நிறைய இருக்கிறது, வறுக்காமல் குழம்பு வையுங்கள்.

உப்புதான் நம் கடற்கரைக்காரர்களின் பிரச்சினை. ஒரு ஆளுக்கு நாளைக்கு 5 கிராமுக்குள், அதாவது ஒரு தேக்கரண்டி, இது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. ஒரு கருவாட்டுக் குழம்பு, இரண்டு அப்பளம், ஊறுகாய் என்றால் மத்தியானத்திலேயே அதைத் தாண்டிவிடும். கருவாட்டை விடச் சொல்ல எனக்கு மனசு வராது, நானும் சாப்பிடுகிறவள்தான். வாரத்தில் ஒரு நாள், நன்றாக ஊறவைத்துக் கழுவி, அன்றைக்கு அப்பளமும் ஊறுகாயும் இல்லாமல்.

தினமும் கடலூர் சில்வர் பீச்சில் நடக்கிறேன். போதாதா?

நல்லது, விடாதீர்கள். வாரத்துக்கு 150 நிமிடம் சற்று வேகமான நடை வேண்டும். புதுச்சேரிக்காரர்களுக்குக் கடற்கரைச் சாலை வரப்பிரசாதம், மாலையில் வண்டி விடமாட்டார்கள், பயமில்லாமல் நடக்கலாம். ஆனால் நடை மட்டும் போதாது. நடுவயதிலிருந்தே சதை கரையத் தொடங்கிவிடும், முதுமையில் நம்மைப் படுக்கையில் தள்ளுவதில் அந்தச் சதையின் இழப்புக்கும் பங்கு உண்டு. வாரத்தில் இரண்டு நாளாவது தசைக்கு வேலை கொடுங்கள். நம் ஆயாக்கள் தரையில் உட்கார்ந்து எழுந்தார்கள், குடம் தூக்கினார்கள். இப்போது சோபா, டைனிங் டேபிள், மோட்டார் தண்ணீர். மூட்டு வலி இல்லாதவர்கள் ஒரு வேளையாவது தரையில் உட்கார்ந்து சாப்பிடுங்கள்.

பிள்ளைகள் பிரான்சில். நாங்கள் இரண்டு பேர் மட்டும் இங்கே. இதுவும் உடம்பைப் பாதிக்குமா?

புதுச்சேரியில் இந்தக் கேள்வி எனக்கு நிறைய வரும், கடலூரில் பிரான்சுக்குப் பதில் சென்னை, சிங்கப்பூர் என்பார்கள். ஹார்வர்டில் 1938இல் தொடங்கி எண்பது வருடத்துக்கு மேல் நடக்கும் ஓர் ஆய்வில், ஐம்பது வயதில் உறவுகளில் நிறைவாக இருந்தவர்கள்தான் எண்பதில் ஆரோக்கியமாக இருந்தார்கள் என்று பார்த்திருக்கிறார்கள். உறவு என்றால் பிள்ளைகள் மட்டும் என்று இல்லை. வீடியோ காலுக்காக நாள் முழுக்கக் காத்திருப்பதைவிட, தினமும் ஒரே நேரத்துக்கு ஒரே இடத்துக்குப் போய் நாலு பேரைப் பாருங்கள். பாடலீஸ்வரர் கோயில் பிரகாரம், பாரதி பூங்கா, தேவாலய வாசல், எதுவாக இருந்தாலும் சரி. நீங்கள் இரண்டு நாள் வரவில்லை என்றால் தேடி வருகிற ஒரு ஆளாவது வேண்டும்.

எனக்கு 72 ஆகிவிட்டது. இனிமேல் என்ன மாறப்போகிறது?

நிறைய மாறும். 1990இல் அமெரிக்காவில் முதியோர் இல்லத்தில் இருந்த, தொண்ணூறு வயதை ஒட்டிய பத்து பேருக்கு எட்டு வாரம் காலுக்கு எடைப் பயிற்சி கொடுத்தார்கள். கால் வலு சராசரியாக இரண்டரை மடங்குக்கு மேல் ஆனது. புகையை அறுபது வயதில் விட்டவர்களுக்குக்கூட மூன்று வருடம் போல ஆயுள் கூடியதை இங்கிலாந்து டாக்டர்களை வைத்து ஐம்பது வருடம் நடந்த ஆய்வு காட்டியது. பிரஷர், சர்க்கரை மாத்திரையை நிறுத்தாதீர்கள், கடலூர் பக்கம் என்றால் மக்களைத் தேடி மருத்துவம் வழியாக 2021இலிருந்து வீட்டுக்கே கொண்டுவந்து தருகிறார்கள்.

இன்று செய்ய ஒன்று சொல்கிறேன். கைப்பிடி இல்லாத நாற்காலியைச் சுவரோரம் போட்டு, கைகளை மார்பில் கட்டிக்கொண்டு எழுந்து உட்காருங்கள். ஐந்து தடவை முடிகிறதா பாருங்கள். முடியாவிட்டால் கையை ஊன்றி எழுந்திருங்கள், அடுத்த வாரம் ஒரு கையை மட்டும் ஊன்றுங்கள். காலை காபிக்கு முன் ஒரு தடவை, மாலை விளக்கு வைக்கும்போது ஒரு தடவை. பக்கத்தில் ஜன்னல் கம்பி கைக்கு எட்டுகிற மாதிரி இருக்கட்டும்.